போணி அக்கா

அந்தக் கையில் ஒன்றும் இல்லை. நான் பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். லிஃப்டில் பக்கத்தில் நிற்கும்போதும் பார்த்தேன், கோயிலில் திருநீறு வாங்க நீட்டும்போதும் பார்த்தேன். குட்டை விரல்கள், மஞ்சள் கறை பிடித்த நகங்கள், கட்டைவிரலுக்குக் கீழே எண்ணெய் தெறித்த தழும்பு. எங்கள் பிளாட்டில் சமைக்கிற எந்தப் பெண்ணின் கையும் அப்படித்தான் இருக்கும். என் கை அதைவிடப் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் கைராசி என்று பேர் வாங்கியது அந்தக் கை.

அவருடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. போணி அக்கா என்றால்தான் தெரியும். காலையில் ஒரு கடைக்கு முதல் ஆளாகப் போய் அவர் ஏதாவது வாங்கிவிட்டால் அன்றைக்கு அந்தக் கடையில் சாமான் மிஞ்சாது என்று ஊருக்குள் ஒரு நம்பிக்கை. அது எப்படித் தொடங்கியது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் யாரும் சீண்டாத ஒரு மோர்க் கடையில் அவர் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தாராம். பின்னாலேயே கூட்டம் வந்து பானையைக் காலி செய்துவிட்டதாம். வெயிலில் வெறுங்காலோடு நடந்து வருகிற கூட்டத்துக்குத் தாகம் எடுக்காமல் வேறு என்ன எடுக்கும்? இதை நான் கேட்டபோது என் கணவர், "உனக்கு வயித்தெரிச்சல்" என்றார். ஆமாம், வயிற்றெரிச்சல்தான். அதை நான் எப்போது மறைத்தேன்?

காலைச் சந்தையில், எங்கள் பாசாரில், அவர் நடந்து போவதைப் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் என் எரிச்சல் புரியும். காய்கறி விற்கும் சீன முதலாளியான தவுக்கே தூரத்தில் தலையைப் பார்த்ததுமே, "மாரி, அக்கா, மாரி!" என்று மலாயில் வரச்சொல்லி இரண்டு கையாலும் கூப்பிடுவார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் மசாலாக் கடை வைத்திருந்த மாமா, கதவைப் பாதி மட்டும் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் மறித்து நிற்பார். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, அக்கா வந்துரட்டும்" என்று என்னையே ஒருநாள் வெயிலில் நிறுத்தி வைத்தார். கையில் காசோடு நிற்கிறேன், மல்லித்தூள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, எனக்குக் கொடுக்கமாட்டாராம். அக்கா வந்து ஒரு பொட்டலம் சோம்பு வாங்கிய பிறகுதான் என் காசு காசானது.

இளவட்டங்கள் புதிதாகக் காடி வாங்கினால் முதலில் அவரை அந்தக் காரில் ஏற்றி பிளாட்டை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். நான்கு நம்பர் லாட்டரி எழுதுகிறவர்கள் லிஃப்ட் வாசலில் மடக்கி, "அக்கா, ஒரு நம்பர் சொல்லுங்கக்கா" என்பார்கள். "எனக்கு என் வீட்டு நம்பரே மறந்துபோவுது, போ தம்பி" என்று நகர்ந்துவிடுவார். யாராவது கைராசியைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "கைதானே, அது என்ன பண்ணும்?" கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்வார். எனக்கு அந்த அடக்கம் பிடிக்கவே பிடிக்காது. அடக்கமாக இருப்பதற்கும் ஏதாவது கையில் இருக்க வேண்டும் அல்லவா?

இதிலே இன்னொரு கொடுமையும் இருந்தது. கூப்பிட்ட கடையில் எல்லாம் வாங்கினால் வாங்கியதை என்ன செய்வது? இரண்டே பேர் இருக்கிற வீடு. அதனால் சாயங்காலமானால் எங்கள் மாடியில் ஒவ்வொரு வீட்டுக் கிரில் கதவிலும் ஒரு பை தொங்கும். ஒரு வீட்டில் முள்ளங்கி, ஒரு வீட்டில் தேங்காய். என் கதவில் பெரும்பாலும் கீரை. நானே பிளாட்டுக்குப் பின்னால் கால்வாயோரம் கீரை வளர்க்கிறவள். என் வீட்டு வாசலில் அடுத்தவள் கீரை தொங்கினால் எனக்கு எப்படி இருக்கும்?

பாத்திரம் திருப்பிக் கொடுக்க ஒருமுறை அவர் சமையலறைக்குள் போனேன். தரையில் முட்டைக்கோஸ் உருண்டு கிடந்தது. மூலையில் துடைப்பம் மட்டும் ஒரு கட்டு. துடைப்பம் விற்கிறவரும் கூப்பிட்டிருக்கிறார் போல. அவர் கணவர் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் கோஸா?" என்றார். "நாளைக்குப் பூசணி லா" என்றார் அக்கா. அழுகல் வாடை லேசாக அடித்தது. கொழுப்பு, வாங்கி வாங்கி அழுக விடுகிறார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

கீழ்த்தளத்தில் ஒரு தையல் கடை வந்தது. அதற்கும் அவர்தான் போணி. ஒரு சட்டைத் துணி கொடுத்துத் தைத்து வாங்கினார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் கடையை மூடிவிட்டார்கள். தையல் கடைக்கார அம்மா லிஃப்டில் அக்கா கையை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். நானும் அந்த லிஃப்டில் இருந்தேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அக்கா லிஃப்டில் ஏறவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடியும் படியில் ஏறினார், நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. இந்த வயதில் உடம்பை இளைக்க வைக்கப் பார்க்கிறார் என்று நான் வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

அந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது சொன்னேன். "கைராசியாம் கைராசி. நல்ல சாமானா இருந்தா யாரு வாங்குனாலும் ஓடும். கையில என்ன இருக்கு?" சத்தமாகத்தான் சொன்னேன். சொன்னதில் இப்போதும் எனக்கு வருத்தம் கிடையாது.

அப்புறம் எனக்கே அந்தக் கை வேண்டியதாகிவிட்டது.

பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள். வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். கால்வாயோரக் கீரைதான் துணை. பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, முருங்கை, வேலியில் தானாக முளைத்த ஒரு சுண்டைச் செடி. அந்த நேரத்தில் பிளாட்டுச் சங்கத்தார் கார் நிறுத்துமிடத்தில் ஞாயிறுதோறும் உழவர் சந்தை போடுவதாகச் சொன்னார்கள். வீட்டுப் பின்னால், தொட்டியில், மொட்டைமாடியில் விளைவிக்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் மேசை போடலாம். நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

என் கணவருக்குத் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. மனிதர் கெட்டவர் இல்லை, கணக்காகப் பேசுவார். "மூணு மாசம் பாரு. ஓடலேன்னா பேசாம அண்ணி கடையில போய் உக்காரு" என்றார். அண்ணி என்றால் அவருடைய அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. பட்டர்வொர்த்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு படி கீழே நிறுத்திப் பார்ப்பதே அவளுக்குப் பொழுதுபோக்கு. செய்தி போன மறுநாளே போன் செய்தாள். "உனக்குன்னு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுட்டேன் லா. கல்லாவுக்குப் பக்கத்துல. எப்ப வேணும்னாலும் வா." அந்த ஸ்டூல் என் கண்ணிலேயே நின்றது. அதில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல உப்புப் பொட்டலம் கட்டுகிற என்னை நானே பார்த்துவிட்டேன். என் மேசை ஓடியே ஆக வேண்டும்.

நம்பாத கைதான். ஆனாலும் அது முதலில் என் மேசையைத் தொட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். போய்க் கூப்பிட வாய் வரவில்லை. பக்கத்து பிளாக்கில் காளான் வளர்க்கும் சின்னப் பெண் ஒருத்தி, பழத்தட்டோடு அக்கா வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தாள் என்று கேள்விப்பட்டேன். பழத்தட்டாம்! கல்யாணத்துக்கா அழைக்கிறாள்? அன்றைக்குச் சமைத்த குழம்பில் உப்பு போட மறந்தேன்.

திறப்பு விழா நாள் வந்தது. விடியும்போதே கீரையைப் பறித்து, கட்டுக் கட்டி, நீல விரிப்புப் போட்ட மேசையில் அடுக்கினேன். சுண்டைக்காயை ஒரு வாழை இலையில் குவித்து முன்னால் வைத்தேன். பிஞ்சுப் பிஞ்சாக, பார்க்கவே அழகாக இருந்தது. எனக்குப் பக்கத்து மேசை யாருக்குக் கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? காளான்காரிக்குத்தான். அவள் மேசையிலோ பணம் கட்ட கியூஆர் அட்டை, கண்ணாடிப் பெட்டி, ரிப்பன் எல்லாம். அந்தப் பக்கம் பாலிக் பூலாவிலிருந்து சாதிக்காய் கொண்டுவந்த சீனத் தம்பதி, தேன் விற்கும் மலாய்ப் பெரியவர்.

சட்டமன்ற உறுப்பினர் வந்து ரிப்பன் வெட்டினார். கை தட்டினோம். அப்புறம்தான் வேடிக்கை. ஒருவரும் வாங்கவில்லை. கூட்டம் இருக்கிறது, பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள், வாசலைத் திரும்பிப் பார்க்கிறார்கள். "அக்கா வந்துட்டாங்களா?" என்று ஒருவரை ஒருவர் கேட்கிறார்கள். வை.பி. என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடுகிற உறுப்பினரே ஒரு பை காளானைக் கையில் எடுத்தார். காளான்காரி பதறிப்போய், "வை.பி., வை.பி., கொஞ்சம் இருங்க. ஒருத்தவங்க முதல்ல வாங்கணும்" என்று பையைப் பிடுங்கி வைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே, "யாரு, மந்திரியா?" என்றார். "மந்திரி எல்லாம் இல்ல, எங்க அக்கா" என்றாள். எங்க அக்காவாம்! பழத்தட்டு வாங்கிக் கொடுத்தால் உறவாகிவிடுமா?

அக்கா வந்தார். கோயிலுக்குக் கட்டுகிற அரக்குச் சேலை, கையில் நைலான் கூடை. கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் நேராக என் மேசையைப் பார்த்துத்தான் நடந்து வந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், என்னைப் பார்த்துத்தான் வந்தார். மேசைக்கு முன்னால் நின்று சுண்டைக்காயைப் பார்த்தார். கை நீண்டது. அந்தக் குட்டை விரல்கள் வாழை இலையின் ஓரம் வரைக்கும் வந்தன. நானும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையை மடக்கிக்கொண்டு அப்படியே பக்கத்து மேசைக்குத் திரும்பிவிட்டார்.

"ஒரு பை குடும்மா" என்று காளான்காரியிடம் ரொக்கமாக எடுத்துக் கொடுத்தார். போன் வழியாகக் கட்டினால் போணி ஆகாதாம், அவள் ரொக்கம்தான் கேட்டு வைத்திருந்தாள். அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவ்வளவுதான், கூட்டம் திபுதிபுவென்று அவள் மேசையில் விழுந்தது. தள்ளிய தள்ளில் என் மேசையும் ஆடியது. என் பொன்னாங்கண்ணிக் கட்டின் மேல் யாரோ கைப்பையை வைத்துக்கொண்டு காளான் வாங்கினார்கள். எனக்கு வயிற்றுக்குள் அடுப்பே எரிந்தது. இதற்கு நடுவே காளான்காரி என் பக்கம் திரும்பி, "அக்கா, சில்லறை இருக்குமா? எனக்குத் தீந்துபோச்சு" என்றாள். என்னிடம் சில்லறை மட்டும்தான் இருந்தது. கொடுத்தேன்.

இது போதாதென்று பட்டர்வொர்த்திலிருந்து ஓரகத்தியும் வந்து சேர்ந்தாள். தண்ணீர் தெளித்துத் தெளித்து நான் நிமிர்த்தி வைத்திருந்த கீரையைப் பார்த்தாள். "ஐயோ, வெயில்ல நிக்கிறியே லா. நம்ம கடையில ஃபேன் இருக்கு" என்றாள். அப்புறம் போய்க் காளான் வாங்கினாள். என் ஓரகத்தி, என் கண்ணெதிரே, அந்தக் காளானை!

அழுகை வந்துவிடும் போலிருந்தது. அந்த நேரத்தில் அந்தக் கோடியில் உறுமி மேளம் தொடங்கியது. கூட்டம் மொத்தமும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கே ஓடியது. காளான்காரியும் ஓடினாள், விற்க அவளிடம் ஒன்றும் இல்லையே.

"தங்கச்சி."

சத்தம் கீழேயிருந்து வந்தது. பார்த்தால் மேசைக்குப் பின்னால், விரிப்பின் மறைவில், அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். அரக்குச் சேலை தார் தரையில் புரள்கிறது.

"என்னக்கா, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"மெதுவா பேசு. குனி."

நானும் உட்கார்ந்தேன்.

"அந்தச் சுண்டைக்காய ஒரு பையில போடு. மேல தூக்கிக் காட்டாத, ஆளுங்க பாத்துருவாங்க."

"பாத்தா என்ன? காளான மட்டும் ஊரே பாக்க வாங்குனீங்க?"

"கோவமா இருக்க."

"கோவம் இல்லக்கா, பொறாமை. அவ மேலயும் பொறாமை, உங்க மேலயும் பொறாமை. எங்கிட்டதானே வந்தீங்க? கை நீட்டிட்டு ஏன் திரும்புனீங்க?"

மேளம் காதைப் பிளந்தது.

"எனக்கு உங்கிட்ட பயம்" என்றார்.

"எங்கிட்டயா?"

"எல்லாரும் என் மூஞ்சியப் பாப்பாங்க. நீ மட்டும் என் கையப் பாப்ப. லிஃப்டுல கூட கையத்தான் பாப்ப. அந்தத் தையக்காரம்மா கடைய மூடுன பொறவு பாத்தாங்க. நீ முன்னாடியே பாக்குற. அந்தப் பார்வைக்கு முன்னால என்னால போணி பண்ண முடியாது, தங்கச்சி. நீ அன்னிக்கு லிஃப்டுகிட்ட சொன்னியே, நல்ல சாமானா இருந்தா யாரு வாங்குனாலும் ஓடும்னு. நான் படியில மூச்சு வாங்கிட்டு நின்னேன். கேட்டுச்சு."

"அதுக்குத்தான் இன்னிக்கு இப்படிப் பண்ணுனீங்களா?"

"ஐயோ, அப்படி இல்ல லா. நீ சொன்னதுதான் நெசம். கைதானே, அது என்ன பண்ணும்? எனக்கே தெரியாது. ஒவ்வொரு நாளும் வாங்கிட்டு வந்துட்டு, அந்தக் கடை ஓடுச்சா ஓடுச்சான்னு அடிச்சிக்கிட்டுக் கெடப்பேன். தூக்கம் வராது."

"அப்புறம் எதுக்கு இந்தச் சுண்டைக்காய்?"

"எனக்குப் புடிக்கும்" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "எங்க வீட்டுக்காரருக்குக் கசப்பு ஆகாது. எனக்கு மட்டும்தான் புடிக்கும். எனக்கு வேணும்னு ஒரு சாமான் வாங்கி எத்தன வருஷமாச்சு தெரியுமா? கூப்புடுறவங்ககிட்ட என்ன இருக்கோ அதான் வாங்குறேன். கூப்புட்டுப் போகலேன்னா மனசு வெச்சுக்குவாங்க. நீ பாரு, ஒரு வெண்டிக்கா வேணும்னா போற, வாங்குற, வர. ஒருத்தரும் உன்னத் திரும்பிப் பாக்க மாட்டாங்க. உன்னப் பாத்தா எனக்கு அவ்வளவு பொறாமையா இருக்கும்."

என்னைப் பார்த்து! என் ஆயுசில் என்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை. சொல்ல வெட்கமில்லை, இனித்தது.

இலையை மெதுவாகக் கீழே இழுத்து, அவ்வளவு சுண்டைக்காயையும் பையில் கொட்டினேன். "காசு வேணாம்கா" என்றேன்.

"வேணாம்னா எப்படி? நான் வாங்கணும்." நோட்டைச் சுருட்டி என் உள்ளங்கையில் அழுத்தினார். அப்போதுதான் அந்தக் கை முதல்முறையாக என் கையில் பட்டது. சொரசொரப்பாக, வேர்த்துப்போய் இருந்தது.

"அப்ப இது போணிதானேக்கா?"

"யாராச்சும் பாத்தாதான் போணி. யாரும் பாக்கலேன்னா வெறும் சாமான்" என்று சொல்லிவிட்டு, பையைக் காளானுக்கு அடியில் திணித்துக்கொண்டு, இரண்டு மேசைகளுக்கு இடையில் புகுந்து எழுந்து போய்விட்டார். மேளம் நின்றபோது அவர் தேன் விற்கும் பெரியவர் முன்னால், ஒன்றுமே நடக்காதது போல நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கு நான் விற்றது கொஞ்சம்தான். மிச்சக் கீரையைக் கடைந்து இரண்டு வேளை சாப்பிட்டோம். ஆனால் அடுத்த ஞாயிறும் மேசையை விரித்தேன். கூட்டம் வருவதற்கு முன்னால், நான் சாமான் இறக்கும் நேரத்தில், அவர் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி என் மேசையோரம் குனிவார். நான் பையை நீட்டுவேன். அப்புறம் எழுந்து போய் ஊரறிய வேறு எங்கேயாவது போணி செய்வார். ஒவ்வொரு வாரமும் இப்படித்தான். சுண்டைக்காய் இல்லாத வாரம் மணத்தக்காளி. "நேத்து வத்தக்கொழம்பு வெச்சேன், நான் மட்டும் சாப்புட்டேன்" என்று ஒருநாள் காதோடு சொல்லிவிட்டுப் போனார், ஏதோ திருட்டுத்தனம் செய்த பிள்ளை மாதிரி.

மெதுவாக, ரொம்ப மெதுவாக, என் மேசை ஓட ஆரம்பித்தது. கையா, கீரையா, எனக்குத் தெரியாது. ஓரகத்தியின் ஸ்டூலில் இப்போது அவள் வீட்டுப் பூனை படுக்கிறதாம். சந்தையில் எனக்கு ஒரு பேரும் வந்தது. "போணி அக்கா தொடாத கடை அது. ஆனாலும் பாரு, எப்படி ஓடுது!" என்பார்கள். என் கணவர் துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டார், "எம் பொண்டாட்டி யாரு கையையும் நம்பி நிக்கல" என்று. என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. காளான்காரியோ, "அக்காவுக்கு என் காளான்னா உசிரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் அளப்பாள். அந்தக் காளான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கே தொங்கும் தெரியுமா? என் கிரில் கதவில். எனக்குச் சொல்லிவிட வேண்டும் போல நாக்கு துடிக்கும். சொன்னால் அது போணி ஆகிவிடும், அவர் தனக்கென்று வாங்குகிற ஒரே சாமானும் போய்விடும். கடித்துக்கொண்டு இருந்தேன்.

அக்காவின் கணவர் தவறிய பிறகு அவரை மகன் சுங்கை பாக்காப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகிற ஞாயிறு சந்தையே வந்து வழியனுப்பியது. காளான்காரி கட்டிப்பிடித்து அழுதாள். என் மேசைக்கு முன்னால் வந்தபோது, "வரேன் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பை விடிகாலையிலேயே அவர் கூடைக்குள் போயிருந்தது.

போன மாதம் சுங்கை பாக்காப் பக்கமிருந்து ஒரு பெண் என்னிடம் கீரை வாங்க வந்தாள். பேச்சுவாக்கில், "எங்க ஊர்க் காலைச் சந்தையில ஒரு அம்மா இருக்காங்க. அவங்க வந்து வாங்குனாத்தான் வியாபாரமே தொடங்கும். அப்படி ஒரு ராசிக் கை" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அங்கேயும் ஆட்கள் தொடங்கிவிட்டார்களா, பாவம் அந்த மனுஷி.

"அவங்க சுண்டைக்காய் யாருகிட்ட வாங்குறாங்க?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "சுண்டைக்காயா? அவங்க அதெல்லாம் வாங்கி நாங்க யாரும் பாத்ததில்லையே."

யாரும் பார்த்ததில்லையாம். அப்படியென்றால் அங்கே ஒருத்தி மேசைக்கு அடியில் எடுத்துக் கொடுக்கிறாள். அவள் யாரோ எவளோ எனக்குத் தெரியாது. அவள் கொடுக்கிற சுண்டைக்காய் என்னுடையதைவிடப் பிஞ்சாக மட்டும் இருந்துவிடக் கூடாது.